அனாஜ் மண்டி தீ, டிசம்பர் 2019: குளிர்கால விடியலில் 43 பேரைக் கொன்ற புகை

2019 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. அதிகாலை 5.22க்கு டெல்லி தீயணைப்புத் துறைக்கு ஓர் அழைப்பு வந்தது. ராணி ஜான்சி சாலையை ஒட்டிய அனாஜ் மண்டிப் பகுதியில், ஃபில்மிஸ்தான் திரையரங்கத்துக்குப் பக்கத்தில், ஒரு கட்டடம் எரிகிறது என்றார்கள். டிசம்பரில் டெல்லியில் ஏழு மணி வாக்கில்தான் சூரியன் தலைகாட்டும். அந்த நேரத்தில் தெருவே போர்வைக்குள் இருந்திருக்கும்.

அந்த நான்கு மாடிக் கட்டடத்தில் பள்ளிப் பைகள், தொப்பிகள், பொம்மைகள் என்று சிறுசிறு தொழில்கள் பல நடந்துகொண்டிருந்தன. பகலில் தைத்த அதே தளங்களில் இரவில் தொழிலாளர்கள் படுத்துத் தூங்கினார்கள். பெரும்பாலானவர்கள் பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்த இளைஞர்கள். அறுபதுக்கும் மேற்பட்டவர்களை உள்ளேயிருந்து வெளியே கொண்டுவந்தார்கள். அவர்களில் 43 பேருக்கு உயிர் இல்லை. 1997 ஜூன் 13 அன்று 59 பேரைப் பலிகொண்ட உப்ஹார் திரையரங்கத் தீக்குப் பிறகு டெல்லி கண்ட மிக மோசமான தீவிபத்து இதுதான்.

மின்கசிவுதான் காரணமாக இருக்கும் என்று அன்றே சொன்னார்கள். நம் ஊரிலும் எந்தத் தீவிபத்துக்கும் முதலில் வரும் பதில் அதுதான். ஆனால் இந்த நிகழ்வில் நான் அதிகம் பார்க்க நினைப்பது தீப்பொறியை அல்ல. ஒரு பொறி, ஓரிரண்டு தளங்களைக் கரியாக்குவதோடு நின்றிருக்கலாம். அது 43 உயிர்களை எடுத்துக்கொண்டது எப்படி, அதில் குளிர்காலத்துக்கு என்ன பங்கு, இதைத்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

கட்டடத்துக்குள்

அந்த இடத்தின் முதல் சிக்கல் சந்து. பெரிய தீயணைப்பு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நெருங்க முடிந்தது. 30 வண்டிகள் வரை வந்தும், ஒரே நேரத்தில் வேலை செய்ய முடிந்தவை சில. காயம்பட்டவர்களையும் மயங்கியவர்களையும் வீரர்கள் தோளில் சுமந்தபடி பிரதான சாலை வரை ஓடினார்கள். ஆட்டோக்களிலும் ஏற்றி அனுப்பினார்கள். லோக்நாயக் ஜெயப்பிரகாஷ் மருத்துவமனைக்கும் லேடி ஹார்டிங்குக்கும் ஒருவர் பின் ஒருவராகக் கொண்டுபோனார்கள்.

இரண்டாவது சிக்கல் ஜன்னல். இருந்த ஜன்னல்களில் கிரில் போட்டிருந்தது, வீரர்கள் அதை வெட்டித்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. மூன்றாம் தளத்தில் சில அறைகளின் ஜன்னல்கள் அடைக்கப்பட்டிருந்தன. தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் வாயு அளக்கும் கருவியோடு உள்ளே போனபோது, மூன்றாம், நான்காம் தளங்கள் முழுக்கப் புகை. கார்பன் மோனாக்சைடு மிக அதிகமாக இருந்தது. பலர் தூங்கிக்கொண்டிருந்த ஓர் அறைக்குக் காற்று வர ஒரே ஒரு திறப்புதான் இருந்தது என்றும் அந்தப் படையினர் சொன்னார்கள்.

மூன்றாவது சிக்கல் சரக்கு. பள்ளிப் பை ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே நைலான் அல்லது பாலியெஸ்டர் துணி, அடியில் ரெக்சின், தோள்பட்டையில் நுரைப்பஞ்சு, பிளாஸ்டிக் ஜிப், பிளாஸ்டிக் கொக்கி. இதைச் சுற்றி அட்டைப்பெட்டி, பாலித்தீன் கவர். ஏறக்குறைய எல்லாமே பெட்ரோலியத்திலிருந்து வந்த பொருட்கள். எரியும்போது மரம், பருத்தியைவிட வேகமாகச் சூடு கக்கும், கரும்புகை தள்ளும். ரெக்சின் எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும், கண்ணையும் தொண்டையையும் அரித்து எடுக்கும். நைலானும் நுரைப்பஞ்சும் எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடு வரும். போதிய காற்று இல்லாமல் எது எரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு வரும்.

அன்று காலை முதலில் உள்ளே நுழைந்தவர் ராஜேஷ் சுக்லா என்ற தீயணைப்பு வீரர். 11 பேரை உயிரோடு வெளியே கொண்டுவந்தார். அந்த வேலையில் அவருக்கே எலும்பில் காயம் ஏற்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். டெல்லி அமைச்சர் ஒருவர் நேரில் போய்ப் பார்த்து, உண்மையான நாயகன் என்று பாராட்டினார். அந்தப் பாராட்டு முழுக்கத் தகும். ஒரு மனிதர் தன் உடம்பைப் பணயம் வைத்து 11 பேரைத் தூக்கிவர வேண்டிய நிலையில் ஒரு கட்டடத்தை விட்டுவைத்திருந்தவர்களை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது.

மறுநாள், திங்கட்கிழமை காலை, அதே கட்டடத்தில் மறுபடியும் தீ கிளம்பியது. நான்கு வண்டிகள் போய் அணைத்தன. அடுக்கி வைத்த துணியும் பஞ்சும் வெளியே அணைந்தது போலத் தெரிந்தாலும் உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருக்கும். பனியன் கம்பெனி, பஞ்சு குடோன் வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும்.

புகைக்கு முன்னால் எத்தனை நிமிடம்

இறந்தவர்களில் பெரும்பாலோர் தீயில் கருகியவர்கள் அல்ல, மூச்சுத் திணறியவர்கள். நெருப்பை நினைத்தாலே நமக்குச் சூடுதான் நினைவுக்கு வருகிறது. அதனால் 'நெருப்பு இங்கே வருவதற்குள் இறங்கி ஓடிவிடலாம்' என்று கணக்குப் போடுகிறோம். அந்தக் கணக்கு தவறு.

ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு கார்பன் மோனாக்சைடைப் பற்றிக்கொள்ளும். பற்றியதைச் சுலபத்தில் விடாது. இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றில் 0.16 சதவீதம் கலந்திருந்தால் இருபது நிமிடத்தில் தலைவலி, மயக்கம் தொடங்கி, இரண்டு மணி நேரத்துக்குள் உயிர் போய்விடும். 1.28 சதவீதம் என்றால் இரண்டு மூன்று மூச்சிலேயே நினைவு தப்பும், மூன்று நிமிடங்களுக்குள் மரணம். பூட்டிய கட்டடத்துக்குள் பிளாஸ்டிக் எரியும்போது இந்த இரண்டாவது அளவை எட்டுவது அதிசயமே இல்லை.

விழித்திருப்பவருக்குக் கண் எரியும், இருமல் வரும், எழுந்து ஓடுவார். தூங்குபவருக்கு அந்த எச்சரிக்கை கிட்டத்தட்ட இல்லை. தூக்கத்தில் நம் மூக்கு சரியாக வேலை செய்வதில்லை. சத்தம் எழுப்பிவிடும், வாசனை எழுப்புவது அரிது. புகை வந்தால் தானாக விழித்துக்கொள்வோம் என்ற நம்பிக்கையில் படுத்திருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

புகை மேல்நோக்கிப் போகும் என்பது அடுப்பு மூட்டிய எல்லாருக்கும் தெரியும். கட்டடத்தில் மேலே போக அதற்குக் கிடைக்கும் வழி எது? படிக்கட்டு. மனிதர்கள் கீழே இறங்க இருக்கும் வழியும் அதே படிக்கட்டுதான். ஒரே படிக்கட்டு உள்ள கட்டடத்தில், கீழ்த்தளங்களில் எது எரிந்தாலும், அந்தப் படிக்கட்டு சில நிமிடங்களில் புகைபோக்கியாக மாறிவிடும். நம் நாட்டுப் பழைய கட்டடங்களில் மீட்டர் போர்டும் மெயின் சுவிட்சும் பெரும்பாலும் எங்கே இருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். படிக்கட்டுக்கு அடியில், அல்லது படி ஏறும் இடத்துச் சுவரில். இடம் வீணாகக் கூடாது என்று அதே இடத்தில் அட்டைப்பெட்டிகளையும் அடுக்கியிருப்போம். மின்பெட்டியில் எழும் தீ, முதல் வேலையாக வெளியேறும் வழியைத்தான் பிடிக்கும். இதை மாற்ற பெரிய செலவு ஒன்றும் இல்லை. பெட்டிகளை எடுத்து வேறு இடத்தில் வைத்தால் பாதி ஆபத்து குறைந்தது. ஆனாலும் இன்றைக்கும் நாம் ஏறும் பத்துப் படிக்கட்டில் நான்கிலாவது இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

குளிர் என்ன செய்கிறது

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். டெல்லியில் தீ பற்றி அதிக அழைப்புகள் வருவது குளிர்காலத்தில் அல்ல, கோடையில். ஏசி ஓடி ஓடி ஒயர் கொதிக்கும் ஏப்ரல், மே, ஜூன் மாதங்களும் தீபாவளி இரவும்தான் அந்தத் துறைக்கு ஓய்வில்லாத நேரம். 2022 மே 13 அன்று டெல்லியின் முண்ட்காவில் ஒரு கட்டடத் தீயில் 27 பேர் இறந்தது கடும் கோடையில். ஆக, 'குளிர்காலத்தில் தீ அதிகம்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது சரியில்லை.

ஆனால் குளிர்காலத் தீக்கு ஒரு தனிக் குணம் இருக்கிறது. 2018 ஜனவரி 20, பவானா தொழிற்பேட்டையில் பட்டாசு வைத்திருந்த கட்டடம், 17 பேர். 2019 பிப்ரவரி 12 விடியலுக்கு முன், கரோல் பாக்கில் ஒரு ஹோட்டல், அங்கும் 17 பேர். டிசம்பர் 8 அனாஜ் மண்டி. அதிலிருந்து 15 நாள் கழித்து, டிசம்பர் 23 நள்ளிரவு தாண்டியதும், கிராரியில் கீழே துணி குடோனும் மேலே வீடுகளும் இருந்த கட்டடம், குழந்தைகள் உட்பட 9 பேர். 2020 ஜனவரி 2 அதிகாலை, பீராகடியில் ஒரு தொழிற்சாலை தீப்பிடித்து இடிந்து விழுந்ததில் ஒரு தீயணைப்பு வீரர். பவானாவைத் தவிர மற்ற எல்லாமே ஊர் உறங்கும் நேரத்தில் நடந்தவை.

குளிர் முதலில் செய்வது அடைப்பது. வெளியே பத்து டிகிரியை ஒட்டி இருக்கும்போது, கதவு இடுக்கில் துணியைத் திணிப்பார்கள். ஜன்னல் சட்டத்தில் அட்டையோ பாலித்தீனோ வைத்து ஒட்டுவார்கள். வெண்டிலேட்டரில் சாக்கு தொங்கும். ஒவ்வொன்றும் நியாயமான செயல்தான், குளிரில் நடுங்கிக்கொண்டு யாரால் தூங்க முடியும்? ஆனால் அக்டோபரில் புகை வெளியேற இருந்த வழியும், கூப்பிட்டால் பக்கத்துக் கட்டடத்துக்குக் கேட்கும் வழியும் டிசம்பரில் இருப்பதில்லை.

இரண்டாவதாக, குளிர் ஆட்களை ஓர் இடத்தில் சேர்க்கிறது. கோடையில் மொட்டை மாடியில் பாதிப் பேர் படுப்பார்கள். திறந்த வெளி, நட்சத்திரம், காற்று. குளிர்காலத்தில் அத்தனை பேரும் உள்ளே, அதுவும் சரக்கு அடுக்கிய அறையில்தான் கதகதப்பு என்று அங்கேயே வருவார்கள். நுரைப்பஞ்சு ஷீட்டையே மெத்தையாகப் போட்டுக்கொள்வதும் உண்டு.

மூன்றாவது, சூடு தேடும் வழிகள். கம்பி சிவக்கும் மலிவு ஹீட்டர், வாளித் தண்ணீரில் போடும் ராடு, கரி போட்டு மூட்டும் அங்கீட்டி. 2000 வாட் ஹீட்டர் ஒன்று கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அதை 6 ஆம்பியர் பிளக்கில், அதுவும் தையல் இயந்திரமும் செல்போன் சார்ஜரும் தொங்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினால், ஒயர் கைபொறுக்காத சூடாகும். எம்.சி.பி. (ஒயர் தாங்காத அளவு மின்சாரம் ஓடினால் தானாக அணையும் சுவிட்ச்) அடிக்கடி விழுகிறதே என்று அதைவிடப் பெரியதாக மாற்றிவிடும் பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. ஒயரைக் காப்பாற்ற வைத்ததை ஒயரின் சக்திக்கு மேல் மாற்றிவிட்டால், அப்புறம் சுவருக்குள் இருக்கும் ஒயர்தான் ஃபியூஸ். அங்கீட்டியோ தீயே பற்றாமலும் கொல்லும். அடைத்த அறையில் கரி கனன்றால் வருவது அதே கார்பன் மோனாக்சைடு. வட இந்தியாவில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் இப்படிக் குடும்பம் குடும்பமாக இறந்த செய்தி வரும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் கணப்பு மூட்டிப் படுப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

நான்காவதாக ஒன்று எனக்குத் தோன்றுகிறது, அதிகம் யாரும் பேசாதது. டெல்லியின் குளிர்கால விடியலில் காற்றிலேயே புகை வாசனை இருக்கும். தெருவோரத்தில் இலை, குப்பை, கட்டை எரியும், ஊர் முழுக்கப் பனியோடு கலந்த மாசு. அங்கே வாழ்பவர்களுக்குப் புகை வாசனை ஓர் அபாய அறிவிப்பாக இருப்பதில்லை, அது பருவத்தின் பகுதி. அரைத் தூக்கத்தில் ஒருவர் மூக்கில் புகை ஏறினாலும் 'வெளியே யாரோ குளிர்காய்கிறார்கள்' என்று புரண்டு படுத்திருக்கலாம்.

பூட்டியிருந்த தளங்கள்

அந்தக் கட்டடத்துக்குத் தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று கிடையாது. இது விபத்தன்றே வெளியான தகவல். அதைவிட என்னைக் கலங்கவைத்தது இன்னொரு செய்தி. விபத்துக்கு ஒரு வாரம் முன்புதான் மாநகராட்சி ஆட்கள் அந்தக் கட்டடத்தைப் பார்க்கப் போயிருந்தார்கள். மேல் தளங்கள் பூட்டியிருந்ததால் முழுவதையும் பார்க்க முடியவில்லை என்று அதிகாரிகள் சொன்னதாக அப்போது செய்திகள் வந்தன. பார்க்க முடியாத தளங்கள் என்று திரும்பிப் போன அதே மேல் தளங்களில்தான் பின்னால் அத்தனை பேர் மாட்டிக்கொண்டார்கள்.

பூட்டியிருப்பதையே ஓர் ஆய்வு முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். தொழில் நடக்கிறது என்று வெளியே தெரியும் கட்டடத்தில் ஒரு தளத்தைத் திறந்து காட்ட முடியவில்லை என்றால், அதுவே ஆபத்தின் அடையாளம். 'பிறகு வருகிறோம்' என்று எழுதிவிட்டுப் போகும் இடம் அது இல்லை. இன்னொன்று, அதிகாரிகள் வருவது பகல் பதினொரு மணிக்கு. அந்த நேரத்தில் அது பை தைக்கும் இடம். அது படுக்கையறையாக மாறுவது இரவு பதினொரு மணிக்கு. இரண்டையும் ஒரே ஆள் பார்த்ததே இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. அப்போது நடைமுறையில் இருந்த 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 38ஆவது பிரிவு, தீப்பிடித்தால் எல்லாரும் தப்பிக்கப் பாதுகாப்பான வழி இருக்க வேண்டும், அந்த வழி பற்றி ஆட்களுக்குப் பழக்கம் இருக்க வேண்டும் என்றது. ஆனால் அந்தச் சட்டப்படி தொழிற்சாலை என்றால், மின்சாரத்தோடு 10 பேர், மின்சாரம் இல்லாமல் 20 பேர் வேலை செய்ய வேண்டியிருந்தது. ஒரே கட்டடத்தில் தளத்துக்கு இரண்டு மூன்று யூனிட், ஒவ்வொன்றிலும் எட்டு ஒன்பது பேர் என்று இருந்தால், காகிதத்தில் அங்கே தொழிற்சாலையே கிடையாது. 2020இல் நிறைவேறி 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத்தொகுப்பு இந்த எண்ணிக்கையை 20, 40 என்று இரட்டிப்பாக்கிவிட்டது. சிறு முதலாளிகளுக்கு இது நெருக்கடியைக் குறைத்திருக்கலாம். அனாஜ் மண்டி போன்ற சந்துகளுக்கு இது எதிர்த்திசை.

பல யூனிட் உள்ள கட்டடத்தில் இன்னொரு கேடும் உண்டு. அவரவர் அறைக்கு அவரவர் பொறுப்பு, படிக்கட்டுக்கு யார் பொறுப்பு? இரண்டாம் தளத்துக்காரர் பண்டலைப் படியில் வைத்தால் மூன்றாம் தளத்துக்காரர் முணுமுணுப்பார், அவ்வளவுதான். உரிமையாளர் வாடகை வாங்க மட்டும் வருவார். எல்லாரும் பயன்படுத்தும் ஒரே வழி யாருடைய வேலைப் பட்டியலிலும் இருக்காது.

கட்டட உரிமையாளரையும் மேலாளரையும் போலீஸ் கைது செய்தது. கொலைக்குற்றமாகாத மரணம் விளைவித்தல், தீயைக் கவனமின்றிக் கையாளுதல் என்று இந்திய தண்டனைச் சட்டத்தின் 304, 285 பிரிவுகளில் வழக்கு. டெல்லி அரசு இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம், பிரதமர் நிவாரண நிதியிலிருந்து 2 லட்சம் அறிவித்தார்கள்.

நவம்பரில் செய்ய வேண்டியவை

திருப்பூர், கோவை, சென்னைப் புறநகர்களில் இதே பீகார், உத்தரப் பிரதேச இளைஞர்கள் இதேபோல வேலை செய்யும் இடத்திலேயே தங்குகிறார்கள். நமக்கு டெல்லிக் குளிர் இல்லை என்றாலும், வடகிழக்குப் பருவமழை நாட்களில் ஜன்னலை அடைத்து ஷட்டரை இறக்கித்தான் படுக்கிறோம். அதனால் டெல்லிக்குச் சொல்வது நமக்கும் ஆகும்.

வேலை செய்யும் அறையில் படுக்கக் கூடாது என்பதுதான் முதல் வார்த்தை. இதை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்வது சுலபம். அவர்கள் ஏன் அங்கே படுக்கிறார்கள்? வெளியே அறை எடுத்தால் வாடகை, பீஸ் ரேட்டில் சம்பாதிப்பதில் அது பெரிய ஓட்டை. முதலாளிக்கும் இரவுக் காவலுக்குத் தனி ஆள் வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் லாபம் தெரிவதால் தடை போட்டால் கதவைச் சாத்திக்கொண்டு தொடர்வார்கள். எனவே தங்கும் இடத்துக்கு ஆகும் செலவைத் தொழிலின் செலவாக வைக்காமல் இதற்குத் தீர்வு வராது. பெரிய நிறுவனங்களுக்குப் பை தைத்துக் கொடுக்கும் யூனிட்டுகளில், கொள்முதல் விலையிலேயே அது சேர வேண்டும்.

அது நடக்கும் வரை? மனிதர்கள் படுக்கத்தான் போகிறார்கள் என்றால், சரக்கு இல்லாத ஓர் அறையாவது இருக்க வேண்டும், அதிலிருந்து படிக்கட்டைத் தவிர இன்னொரு வழி இருக்க வேண்டும். பெரும்பாலான கட்டடங்களில் அந்த இன்னொரு வழி ஏற்கெனவே இருக்கிறது, மொட்டை மாடிக் கதவு. அது பூட்டியிருக்கும், சாவி கீழே மேஸ்திரியிடம் இருக்கும், மேஸ்திரி வீட்டில் இருப்பார். பூட்டை எடுத்துவிட்டு உள்ளிருந்து திறக்கும் தாழ்ப்பாள் போட ஒரு மணி நேரம் ஆகாது. பக்கத்துக் கட்டடத்தின் மாடி ஒட்டியிருந்தால் அந்தக் கைப்பிடிச் சுவரைத் தாண்ட ஓர் ஏணியும் வைத்துவிடலாம்.

கிரிலை எடுக்கச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள், திருட்டுப் பயம். எடுக்க வேண்டாம். ஒவ்வொரு அறையிலும் ஒரு ஜன்னல் கிரிலை மட்டும் கீலில் தொங்கும்படி வெட்டி, உள்பக்கம் கொண்டி வைத்தால் போதும். வெல்டிங் கடைக்காரர் அரை நாளில் செய்து தருவார். ஒரு முக்கியமான விஷயம்: கொண்டியில் பூட்டுப் போட்டுவிடக் கூடாது. இருட்டில், புகையில், சாவித் துவாரத்தை யாராலும் தேட முடியாது. அந்த ஜன்னலைக் குளிருக்காக அட்டையால் அடைக்கவும் கூடாது. அடைத்தே ஆக வேண்டும் என்றால், தொங்கவிட்ட கனமான திரை, ஒரு இழுப்பில் விலகுவது மாதிரி.

பேட்டரியில் ஓடும் புகை எச்சரிக்கைக் கருவி ஆயிரம் ரூபாய் வாக்கில் கிடைக்கிறது. தைக்கும் இடத்தில் மாட்டினால் நூல் தூசிக்கே கத்தும், நாலாவது நாள் யாராவது பேட்டரியைக் கழற்றிவிடுவார்கள். படுக்கும் அறைக் கூரையிலும் படிக்கட்டின் உச்சியிலும் மாட்ட வேண்டும். மூக்கு தூங்கும்போது காது விழித்திருக்கும் என்பதால், மொத்தப் பட்டியலில் இந்த ஒன்றுக்குத்தான் நான் முதல் ரூபாயைச் செலவழிப்பேன். 

மின்சாரத்தில், தைக்கும் இயந்திரங்களுக்கு ஒரு சுற்று, படுக்கும் அறை விளக்குக்கு ஒரு சுற்று என்று பிரித்துவிட்டால், வேலை முடிந்ததும் இயந்திரச் சுற்றை மொத்தமாக அணைத்துவிடலாம். பிரிக்காத இடத்தில் 'மெயினை அணைத்துவிட்டுப் படுங்கள்' என்றால் விளக்கும் செல்போன் சார்ஜும் போய்விடும், யாரும் அணைக்கமாட்டார்கள். ஹீட்டருக்குத் தனியாக 16 ஆம்பியர் பாயின்ட், சுற்றிலும் ஒரு மீட்டருக்குள் துணி எதுவும் இல்லாத இடம், தூங்கப் போகும் முன் அணைப்பது. அங்கீட்டி எந்த நிலையிலும் கட்டடத்துக்குள் வரக் கூடாது. அதற்குப் பதிலாகப் போதுமான கம்பளிகளை முதலாளி வாங்கிக் கொடுக்கட்டும். கம்பளி கொடுக்காமல் கரியைத் தடை செய்வது நடக்காத காரியம்.

தீ ஒத்திகையைப் பகலில் நடத்துவதால் அனாஜ் மண்டி மாதிரியான இடத்துக்குப் பெரிய பயன் இல்லை. விளக்கை அணைத்துவிட்டு, ஒரு கை சுவரைத் தொட்டபடி, தரையோடு தவழ்ந்து, படுக்கையிலிருந்து வெளிவாசல் வரை வரச் சொல்லிப் பாருங்கள். எத்தனை இடத்தில் முட்டுகிறார்கள் என்று தெரியும். முட்டிய ஒவ்வொரு பொருளும் அன்றே இடம் மாற வேண்டும். ஊரிலிருந்து புதிதாக வந்தவர் முதல் இரவு படுக்கும் முன்பே இதை ஒருமுறை செய்துவிட வேண்டும். அவருக்குத்தான் கட்டடம் பழக்கமில்லை.

கடைசியாக, கீழ்வாசலுக்கு வெளியே ஒரு பலகை. இன்று இரவு உள்ளே தங்குபவர்கள் எத்தனை பேர், எந்தத் தளத்தில் எத்தனை பேர் என்று சாக்கட்டியால் எழுதிவைத்தால் போதும். தினமும் வேலை முடித்துவிட்டுக் கிளம்பும் சூப்பர்வைசர் அதை மாற்றி எழுத வேண்டும். 101க்கோ 112க்கோ அழைப்பவர் 'கட்டடம் எரிகிறது' என்று மட்டும் சொல்லாமல், 'மூன்றாம் தளத்தில் இருபது பேர் தூங்குகிறார்கள்' என்று சொல்ல முடியும். வரும் வீரர்களும் தண்ணீர்க் குழாயை எடுக்கும் முன்பே மூச்சுக் கருவியோடு எந்தத் தளத்துக்கு ஏற வேண்டும் என்று தெரிந்துகொண்டு ஏறுவார்கள்.